பனியில் முதல் இரவு: கூடாரம் அடித்துத் தங்குவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பனியில் முதல் இரவு தங்கப் போகிறவர்கள் எல்லோரும் குளிருக்குப் பயந்துதான் தயாராகிறார்கள். நான் பார்த்தவரை அவர்களைப் பாதி இரவில் எழுப்பி உட்கார வைப்பது குளிர் அல்ல, ஈரம். ஏறும்போது வந்த வியர்வை, கையுறைக்குள் புகுந்த பனி, கூடாரத் துணியில் படிந்த மூச்சுக்காற்று என்று சிறுகச் சிறுகச் சேரும் ஈரம். உலர்ந்த உடம்போடு மைனஸ் 10 டிகிரியில் நிம்மதியாகத் தூங்கலாம். நனைந்த உடம்புக்குப் பூஜ்யம் டிகிரியே பொறுக்காது.

அதனால் கீழே உள்ள படிகள் எல்லாம் உலர்வாக இருப்பதைச் சுற்றியே வருகின்றன. இது மரங்கள் உள்ள, செங்குத்தான சரிவுகள் இல்லாத இடத்தில், மைனஸ் 10 வரையிலான குளிரில், ஓர் இரவுக்கான வழிமுறை. வரிசை முக்கியம்; நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை சரியான வேலையைத் தவறான நேரத்தில் செய்ததால் வந்தவை.

1. நாளையும் பகுதியையும் முடிவு செய்தல்

முதல் இரவை வண்டி நிற்கும் இடத்திலிருந்தோ, கணப்பு உள்ள கட்டடத்திலிருந்தோ ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரவு 2 மணிக்கு ஏதாவது சரியில்லை என்றால் எழுந்து நடந்து வெளியேற முடிய வேண்டும். இது கோழைத்தனம் இல்லை. திரும்பிவர வழி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் மனம் கற்றுக்கொள்ளும்.

தனியாகப் போக வேண்டாம். குறைந்தது இரண்டு பேர். எங்கே தங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எந்த நேரம் தாண்டினால் உதவிக்கு அழைக்க வேண்டும் என்பதை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த மூன்றாவது விவரத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

வானிலை முன்னறிவிப்பில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் காற்றையும் பாருங்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 20 போல இருக்கும். முன்னறிவிப்பு அடிவாரத்து ஊருக்கானது என்றால், 1000 மீட்டர் ஏற்றத்துக்குச் சுமார் 6.5 டிகிரி என்று குறைத்துக் கணக்கிடுங்கள்.

பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையில் மழை என்று அறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். புதியவர்கள் மைனஸ் 10 என்றால் பயப்படுவார்கள், பிளஸ் 1 மழை என்றால் மகிழ்வார்கள். உண்மையில் நேர்மாறாக இருக்க வேண்டும். கடுங்குளிரில் பனி உலர்ந்த தூளாக இருக்கும், தட்டினால் உதிரும். மழையில் எல்லாம் ஊறிவிடும்.

2. பனிச்சரிவு ஆபத்தை முன்பே விலக்குதல்

இதை வீட்டிலேயே வரைபடத்தை வைத்து முடிக்க வேண்டும். ஆளைப் புதைக்கும் அளவுக்கான பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் கிளம்புகின்றன. பார்க்க அழகாக, மரமில்லாமல், வழவழவென்று இருக்கும் சரிவுகள் அவை.

சரிவின் மேல் ஏறாமல் இருந்தால் போதும் என்று நினைப்பது பொதுவான தவறு. மேலே கிளம்பிய பனி கீழே உள்ள சமதளத்திலும் வெகுதூரம் ஓடி வரும். ஆகவே நீங்கள் தங்கும் இடம், நடக்கும் வழி இரண்டுக்கும் மேலே 30 டிகிரிச் சரிவு எதுவும் இருக்கக்கூடாது. உயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) நெருக்கமாக இருக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்து, அவற்றின் அடிவாரத்தையும் சேர்த்து விலக்குங்கள்.

பல மலைப்பகுதிகளில் குளிர்காலத்தில் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுவார்கள். அது 1 முதல் 5 வரையிலான அளவுகோல். 3 என்றால் நடுத்தரம்தானே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நிலையில்தான் ஏராளமான உயிரிழப்புகள் நடக்கின்றன. சரிவுள்ள பகுதிக்குள் போவதென்றால் ஒவ்வொருவரிடமும் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் வேண்டும், அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் வேண்டும். முதல் இரவுக்கு அந்தப் பகுதியே வேண்டாம்.

3. படுக்கையைக் கீழிருந்து மேலாகத் தயார் செய்தல்

எல்லோரும் முதலில் தூக்கப் பையைப் (ஸ்லீப்பிங் பேக்) பற்றித்தான் கேட்பார்கள். நான் முதலில் விரிப்பைப் பற்றிச் சொல்வேன். தூக்கப் பை வெப்பத்தைக் காப்பது அதன் இழைகளுக்கு இடையே சிக்கியிருக்கும் காற்றால். நீங்கள் படுத்ததும் உடம்புக்குக் கீழே இருக்கும் இழைகள் நசுங்கிக் காற்று வெளியேறிவிடுகிறது. அதனால் முதுகைக் காப்பது விரிப்பு ஒன்றுதான்.

விரிப்புகளுக்கு ஆர் மதிப்பு என்று ஓர் எண் உண்டு; உடம்புச் சூடு தரைக்குப் போகாமல் விரிப்பு எவ்வளவு தடுக்கும் என்பதை அது காட்டும். பனியில் படுக்க மொத்தம் 5 அல்லது அதற்கு மேல் வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், இரண்டு விரிப்புகளை அடுக்கினால் எண்களும் கூடும். சாதாரண ஃபோம் விரிப்பு சுமார் 2. அதன் மேல் ஆர் 4 உள்ள காற்றடைத்த மெத்தையைப் போட்டால் 6. காற்று மெத்தை நடு இரவில் ஓட்டையானாலும் ஃபோம் மிச்சம் இருக்கும். அதனாலேயே நான் ஒற்றை மெத்தையை நம்பிப் போவதில்லை.

தூக்கப் பையின் மேல் ஐஎஸ்ஓ 23537 தரப்படி பல வெப்பநிலைகள் அச்சிட்டிருக்கும். அவற்றில் ‘கம்ஃபர்ட்’ என்ற எண்ணை, அதாவது நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலையை மட்டும் பாருங்கள். ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் பிழைப்பதற்கான எல்லை, தூங்குவதற்கானது அல்ல. எதிர்பார்க்கும் குளிரைவிட 5 டிகிரி கீழே ‘கம்ஃபர்ட்’ உள்ள பை பாதுகாப்பானது. அப்படிப்பட்ட பை இல்லையென்றால் இரண்டு பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போடலாம். உள்ளே இருக்கும் பையை நசுக்காத அளவுக்கு வெளிப்பை பெரிதாக இருக்க வேண்டும்.

4. உடை

பருத்தி வேண்டாம். உள்ளாடை, காலுறை, சட்டை எதிலும் வேண்டாம். பருத்தி வியர்வையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், குளிரில் காயாது. உடம்பை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை, அதன் மேல் ஃப்ளீஸ் என்னும் மென்மையான செயற்கைத் துணி, அதன் மேல் காற்றையும் பனியையும் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். இவை நடப்பதற்கு. நிற்கும்போது போட, எல்லாவற்றுக்கும் மேல் மாட்டும் அளவுக்குப் பெரிய தடித்த ஜாக்கெட் ஒன்று தனியாக.

தூங்குவதற்கென்று ஒரு ஜோடிக் காலுறை, மேலும் கீழும் ஓர் உள்ளுடை எடுத்து, நீர் புகாத பையில் கட்டி வையுங்கள். பகலில் என்ன நடந்தாலும் அந்தப் பையைத் திறக்கக்கூடாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

கையுறை மூன்று ஜோடி: கயிறு கட்ட மெல்லியது, பனியில் வேலை செய்ய நீர் புகாதது, சூட்டுக்கு விரல் பிரியாத தடித்தது. காலணி இறுக்கமாக இருக்கக்கூடாது. கால் குளிருமே என்று இரண்டு தடித்த காலுறைகளைத் திணிப்பவர்களுக்குத்தான் கால் அதிகம் குளிர்கிறது. இறுக்கத்தில் இரத்த ஓட்டம் குறைகிறது, காற்றுக்கும் இடமில்லை.

கறுப்புக் கண்ணாடியை மறக்காதீர்கள். புதுப்பனி புறஊதாக் கதிர்களில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். மேகம் மூடிய நாளிலும் கண் எரிந்து வீங்கும்.

5. அடுப்பும் சிறு பொருட்களும்

கேஸ் அடுப்பின் எரிபொருள் கொதித்து வாயுவானால்தான் எரியும். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில் கொதிக்கும், ஐசோபியூட்டேன் சுமார் மைனஸ் 12, புரோபேன் மைனஸ் 42. கலவை கேஸ் குப்பியில் புரோபேன் முதலில் தீர்ந்துவிடும், மற்றவை குளிரில் திரவமாகவே தங்கும். மாலையில் அருமையாக எரிந்த அடுப்பு காலையில் சிணுங்குவது இதனால்தான். கடுங்குளிருக்குத் திரவ எரிபொருள் அடுப்பு நம்பகமானது. பனியை உருக்க வேண்டியிருப்பதால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 மில்லி எரிபொருள் என்று கணக்கு வையுங்கள். கேஸ்தான் இருக்கிறது என்றால் பியூட்டேன் குறைவான குளிர்காலக் கலவையை வாங்கி, இரவில் குப்பியைத் தூக்கப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்புக்கு அடியில் வைக்க ஒரு சிறு பலகை கட்டாயம். இல்லையென்றால் அடுப்பு தன் சூட்டில் பனிக்குள் இறங்கிச் சாயும், கொதிக்கும் தண்ணீர் கொட்டும். அப்புறம் உலோகத் தகடு உள்ள மண்வாரி, அகலவாய்த் தண்ணீர் பாட்டில்கள், லித்தியம் பேட்டரி போட்ட நெற்றி விளக்கு, இரண்டு தனித்தனி இடங்களில் தீப்பெட்டியும் லைட்டரும். உறிஞ்சு குழாய் உள்ள தண்ணீர்ப் பை வேண்டாம். குழாய் முதல் மணி நேரத்திலேயே உறையும்.

6. ஒத்திகை

கிளம்புவதற்கு முன் கூடாரத்தை ஒருமுறை கையுறை போட்டுக்கொண்டே அடித்துப் பாருங்கள். பிடிக்க முடியாத ஜிப் ஒவ்வொன்றுக்கும் சிறு கயிறு கட்டுங்கள். அடுப்பைத் திறந்த வெளியில் பற்றவைத்துப் பாருங்கள். இது அரை மணி நேர வேலை.

7. வியர்க்காமல் நடத்தல்

புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாகக் கிளம்பினால் பத்து நிமிடத்தில் வியர்க்கும், அந்த வியர்வை இரவு வரை உங்களோடு வரும். நடக்கத் தொடங்கிய பத்தாவது நிமிடம் நின்று, ஒரு ஆடையைக் கழற்றுங்கள். யாராவது ஒருவர் வாய் திறந்து ‘நிற்போம்’ என்று சொல்ல வேண்டும். கூட்டத்தைத் தாமதப்படுத்தக் கூச்சப்பட்டு வியர்த்துக்கொண்டே நடப்பவர்கள்தான் அதிகம்.

ஆழப் பனியில் ஸ்னோஷூ (பனிக்குள் புதையாமல் நடக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் அகலமான சட்டம்) போட்டு நடக்கும் வேகம் கோடை நடையில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவர் வழியை மிதித்துக் கொடுப்பதால் அவருக்கு உழைப்பு அதிகம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். சூரியன் மறைய மூன்று மணி நேரம் இருக்கும்போது இடத்தை அடைய வேண்டும். தாகத்துக்குப் பனியைத் தின்னாதீர்கள், அதை உருக்குவது உங்கள் உடம்புச் சூடு.

8. இடம் தேர்தல்

நின்றவுடன் முதல் வேலை தடித்த ஜாக்கெட்டை மாட்டுவது. குளிர்ந்த பிறகு அல்ல, குளிரும் முன்னால். ஜாக்கெட் வெப்பத்தை உண்டாக்காது, இருப்பதைக் காக்கும். நடந்த சூடு உடம்பில் இருக்கும்போதே அதைப் பிடித்து வைக்க வேண்டும்.

அடுத்து, அண்ணாந்து பாருங்கள். காய்ந்த மரமோ, பனி சுமந்து வளைந்த கிளையோ மேலே இருந்தால் தள்ளிப் போங்கள். பள்ளத்தாக்கின் அடியில் குளிர்ந்த காற்று வந்து தேங்கும்; முகட்டில் காற்று அடிக்கும். அடியிலிருந்து சற்று மேலே, மரங்களின் மறைவில் உள்ள சமதளம் நல்லது. காலை வெயில் முதலில் விழும் பக்கமாக இருந்தால் அடுத்த நாள் உங்களுக்கே நன்றி சொல்வீர்கள். உறைந்த ஏரியின் மேல் தங்குவது தனிப் பாடம், இப்போது வேண்டாம்.

9. மிதித்துக் காத்திருத்தல்

கூடாரத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் கூடுதலாக, ஸ்னோஷூவோடு நன்றாக மிதியுங்கள். பிறகு மண்வாரியால் மேடு பள்ளத்தைச் சமன் செய்து மறுபடி மிதியுங்கள். அதன் பிறகு அரை மணி நேரம் அதைத் தொடாதீர்கள்.

இந்த அரை மணி நேரத்தைத்தான் எல்லோரும் திருடுகிறார்கள். மிதிக்கும்போது பனிப் படிகங்கள் உடைந்து நெருங்குகின்றன. சும்மா விட்டால் தொட்ட இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். தளம் கெட்டிப்படும். அவசரப்பட்டு ஏறினால் முழங்கால் பதிந்த குழிகள் உண்டாகி, இரவில் அப்படியே கல்லாக உறையும். அந்தக் குழி உங்கள் இடுப்புக்கு அடியில்தான் வரும்.

காத்திருக்கும் நேரத்தில் எதையாவது சாப்பிடுங்கள். சமையலுக்குக் காற்றுத் தடுப்பாக ஒரு சிறு சுவரும், உட்கார ஒரு திட்டும் வெட்டுங்கள். மெதுவாக வெட்டுங்கள், வியர்க்கக்கூடாது.

10. கூடாரத்தைக் கட்டுதல்

கூடாரத்தைப் பிரித்ததும் ஒரு மூலையை முதலில் கட்டுங்கள். பனியில் காற்று தூக்கிய கூடாரம் நிற்காமல் சறுக்கிக்கொண்டே போகும். வாசல் காற்றுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும்: எதிரே இருந்தால் பனி உள்ளே வரும், பின்னே இருந்தால் காற்று சுழன்று பனியை வாசலில் குவிக்கும்.

சாதாரண முளைகள் பனியில் நிற்காது, உருவிக்கொண்டு வரும். துணிப் பையில் பனியை நிரப்பியோ, விழுந்து கிடக்கும் குச்சியையோ நடுவில் கயிறு கட்டி, இழுவிசைக்குக் குறுக்காக ஒரு முழ ஆழத்தில் புதையுங்கள். மேலே பனி போட்டு மிதித்து, இருபது நிமிடம் கழித்து இழுத்துக் கட்டுங்கள். கயிற்றைக் குச்சியில் முடிச்சுப் போடாமல் சுற்றி எடுத்து, இரண்டு நுனியும் வெளியே இருக்கும்படி விட்டால், காலையில் குச்சி உறைந்திருந்தாலும் கயிற்றை உருவிக்கொள்ளலாம்.

வாசல் முன்புறத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். குளிர்ந்த காற்று அதில் இறங்கும், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து காலணி மாட்டலாம். இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு சுகம் வேறெதிலும் கிடைக்காது.

11. தண்ணீர் உருக்குதல்

வெளிச்சம் இருக்கும்போதே தொடங்குங்கள். பூஜ்யம் டிகிரிப் பனியை அதே வெப்பநிலைத் தண்ணீராக்க வேண்டிய சூடும், அந்தத் தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்க வேண்டிய சூடும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் நேரம் எடுக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 லிட்டர் புதுப்பனி வேண்டியிருக்கலாம். கொஞ்சம் தோண்டி, இறுகிய பனியை எடுத்தால் வேலை குறையும்.

பாத்திரத்தில் முதலில் இரண்டு விரல் அளவு தண்ணீர் ஊற்றி, பிறகு பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். வெறும் பனியைத் திணித்தால் அடியில் உருகியதை மேலுள்ள பனி உறிஞ்சிக்கொள்ளும், பாத்திரம் வெறுமையாகக் காய்ந்து கருகும். தண்ணீரிலும் அந்தக் கருகல் வாடை ஏறும். உருகியதை ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம்.

கூடாரத்துக்குள் அடுப்பு எரிக்காதீர்கள். தீ ஒரு காரணம். அதைவிடக் கொடியது கார்பன் மோனாக்சைடு: அதற்கு மணமில்லை, எச்சரிக்காது.

இரவுக்கும் காலைக்கும் சேர்த்து ஒருவருக்கு 3 லிட்டராவது செய்து வையுங்கள். பாட்டில்களைத் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்து உறையும் என்பதால், காலையில் நிமிர்த்தும்போது மூடிப் பக்கம் திறந்தே இருக்கும்.

12. படுக்கப் போகும் வரிசை

தூக்கப் பையும் ஜாக்கெட்டைப் போலத்தான், தானாகச் சூடாகாது. குளிர்ந்த உடம்போடு உள்ளே போனால் குளிர்ந்த உடம்பாகவே இருப்பீர்கள். அதனால் முதலில் சூடாகக் குடித்து, கொழுப்பு மிகுந்த எதையாவது சாப்பிடுங்கள். கொட்டைகள், வெண்ணெய், சாக்லேட். கொழுப்பு மெதுவாகச் செரிப்பதால் இரவு முழுக்க எரிபொருள் இருக்கும். அடுத்து வெளியே சிறுநீர் கழித்துவிட்டு, வியர்க்காத அளவுக்கு ஐந்து நிமிடம் வேகமாக நடங்கள்.

வாசலில் உட்கார்ந்து உடையிலும் காலணியிலும் உள்ள பனியைத் துடைத்துத் தட்டிய பிறகே உள்ளே வர வேண்டும். உள்ளே வந்ததும் உலர்ந்த உடைப் பையைத் திறந்து மாற்றுங்கள். மாற்றும் அந்த இரண்டு நிமிடம் நடுங்கும், அதற்காகத் தவிர்க்காதீர்கள்.

பாட்டிலில் சுடுதண்ணீர் நிரப்பி, கசிகிறதா என்று கவிழ்த்துப் பார்த்து, காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வையுங்கள். அங்கே பெரிய இரத்தக் குழாய்கள் இருப்பதால் சூடு கால்வரை போகும். போன், பேட்டரி, காலணியின் உள்ளுறை ஆகியவையும் பைக்குள் வரட்டும். நனைந்த உடைகளை மட்டும் கும்பலாக உள்ளே திணிக்காதீர்கள். அந்த ஈரம் பையின் இழைக்குள் போய்விடும்.

கூடாரத்தின் காற்றுத் துவாரங்களைத் திறந்தே வையுங்கள். மூடினால் கதகதப்பாக இருக்கும் என்று தோன்றும். மூச்சின் ஈரம் துணியில் உறைந்து, விடிவதற்குள் உங்கள் மேல் பனியாகக் கொட்டும். அதே காரணத்துக்காகப் பைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சு விடாதீர்கள். மூக்கும் வாயும் வெளியே, தலையில் தொப்பி.

13. நடு இரவில்

சிறுநீர் முட்டினால் அடக்காமல் எழுந்து போங்கள். அந்த அவஸ்தையோடு தூக்கம் வராது, போய் வந்தால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவீர்கள். பனி விழுந்துகொண்டிருந்தால் கூடாரத்தை உள்ளிருந்து தட்டி, துவாரங்களை அடைத்த பனியை விலக்குங்கள்.

கூட இருப்பவரைக் கவனியுங்கள். தடுமாற்றம், குழறிய பேச்சு, ஜிப்பைப் பிடிக்க முடியாத விரல்கள், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை உடம்பின் உள் வெப்பம் குறைவதன் அடையாளங்கள். அவர் ‘நான் நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்பார், நம்பாதீர்கள். உலர்ந்த உடை, உணவு, நன்றாக விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். கடுமையாக நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கம் நின்று மந்தமானால் நிலைமை மோசம். அவரை நடக்க வைக்காமல், படுக்க வைத்துப் போர்த்தி, உடனே உதவிக்கு அழையுங்கள்.

விரல் நுனியோ மூக்கோ வெளுத்து உணர்விழந்தால் தேய்க்காதீர்கள், பனியால் தேய்ப்பது அதைவிடக் கேடு. அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள். தோல் கெட்டியாகி உணர்வு திரும்பவில்லை என்றால் அதை அங்கே உருக்க முயல வேண்டாம். உருகி மறுபடி உறைந்தால் திசுச் சேதம் பல மடங்கு. கட்டிப் பாதுகாத்து மருத்துவரிடம் போங்கள்.

14. காலையில் கிளம்புதல்

பைக்குள் இருக்கும்போதே ஏதாவது சாப்பிட்டு, தடித்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு எழுங்கள். கூடார உள்துணியில் உறைந்திருப்பதைத் தட்டிக் குவித்து வெளியே கொட்டுங்கள், வெயில் பட்டு உருகுவதற்குள். பிறகு அடுப்பு. அதன் பிறகே பொருள் கட்டுதல், கூடாரம் கடைசியில்.

மலத்தைப் பனியில் புதைத்துவிட்டு வரக்கூடாது, இளவேனிலில் உருகி ஓடையில் சேரும். பையில் கட்டி எடுத்து வாருங்கள். வெட்டிய குழிகளையும் சுவரையும் தள்ளி மூடிச் சமன் செய்யுங்கள். இரவில் மேலே புதுப்பனி விழுந்தால் அந்தக் குழி அடுத்து வருபவர் கண்ணுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போவதற்கு முன் தூக்கப் பையையும் கூடாரத்தையும் பிரித்து உதறித் தொங்கவிடுங்கள். தொட்டால் காய்ந்ததுபோல இருந்தாலும் ஓர் இரவின் மூச்சும் வியர்வையும் உள்ளே இருக்கும். இரண்டு நாள் தொங்கட்டும், சுருட்டி அடைக்காமல் பெரிய தளர்ந்த துணிப் பையில் போட்டு வையுங்கள்.